குறைவாக ஓடும் காரைப் பழுதில்லாமல் வைத்திருப்பது எப்படி? ஆயில் முதல் ஆர்சி வரை முழுமையான வழிகாட்டி

நம்மூரில் வீட்டு வாசலில் நிற்கும் கார்களில் பலவும், வருஷத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். தினசரி வேலைக்கு டூ வீலர் இருக்கிறது. கல்யாணம், குலதெய்வம் கோயில், ஆஸ்பத்திரி, லீவுக்கு ஊர் என்று வந்தால்தான் கார் சாவியைத் தேடுவோம். இப்படிக் கார் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்வது: "வண்டி ஓடவே இல்லையே, எதுக்கு சர்வீஸ்?"

இந்த எண்ணம்தான் செலவை இழுத்துவிடுகிறது. ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ரப்பர், பேட்டரி எல்லாம் ஓடினாலும் நின்றாலும் வயதாகிக்கொண்டேதான் இருக்கும். நிற்கும் வண்டியில் சில பாகங்கள் இன்னும் சீக்கிரமாகவே கெடும். அதனால் குறைவாக ஓடும் காருக்கு மீட்டரைப் பார்த்து வேலை செய்யக் கூடாது, தேதியைப் பார்த்துச் செய்ய வேண்டும். வாரன்டி முடிந்த, ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் சிறிய பெட்ரோல் காரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். டீசல் காருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் வேலை: ஒரு நோட்டு

கிளவ் பாக்ஸில் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கும் ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். கடைசிப் பக்கங்களில் பராமரிப்பு அட்டவணை இருக்கும். ஒவ்வொரு வேலைக்கும் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு எப்போதுமே முதலில் வருவது மாதக் கணக்குதான்.

ஒரு நோட்டில் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், பேட்டரி, டயர், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெல்ட் ஒவ்வொன்றையும் கடைசியாக மாற்றிய தேதி, கிலோமீட்டர், பில் தொகை மூன்றையும் எழுதுங்கள். எது எப்போது மாற்றியது என்று தெரியவில்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு இது கட்டாயம். பின்னால் விற்கும்போது இந்த நோட்டும் பில்களும் விலை பேச உதவும்.

இன்ஜின் ஆயில்

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். மூவாயிரம்தான் ஓடியிருந்தாலும் வருஷம் ஆனால் மாற்றிவிடுங்கள். காரணம் இருக்கிறது. இன்ஜின் நன்றாகச் சூடாவதற்குள், கடைத்தெருவரை போய் ஆஃப் பண்ணும் ஓட்டத்தில், உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே கலந்து தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் காபி நுரை மாதிரி வெளிறிய பசை ஒட்டியிருக்கும். மூடியில் மட்டும் கொஞ்சம் இருந்தால் ஈரம்தான், பயப்பட வேண்டாம். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போல இருந்து, கூலன்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போயிருக்கலாம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஆயில் அளவை மாதம் ஒரு முறை நீங்களே பாருங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவி, நூல் உதிராத துணியால் சுத்தமாகத் துடைத்து, கடைசிவரை செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவும்போது தெரியும் அளவு தப்பு. ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். ஆயில் கறுப்பாக இருப்பதால் மட்டும் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, அழுக்கை உள்வாங்குவது அதன் வேலை.

கிரேடை மேனுவல் சொல்கிறபடி போடுங்கள். 0டபிள்யூ-20 கேட்கும் இன்ஜினில் "நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கா இருக்கட்டும்" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது தவறு. இன்றைய இன்ஜின்களில் இடைவெளிகள் மிகக் குறுகலானவை, கெட்டி ஆயில் போய்ச் சேரவே நேரமாகும். ஆயில் மாற்றும்போது ஃபில்டரையும் மாற்றி, டிரெயின் பிளக் வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.

கூலன்ட்: நம்மூர் இன்ஜின்கள் சாவது இங்கேதான்

எந்தப் பகுதியில் கஞ்சத்தனம் கூடாது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கூலன்ட் குறைந்தால் ரிசர்வ் டப்பாவில் குழாய்த் தண்ணீரை ஊற்றும் பழக்கம் நமக்கு உண்டு. போர் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். குடத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்டில் இருக்கும் துரு தடுப்பு மருந்தும் நீர்த்துப் போகும். அடுத்து வாட்டர் பம்ப் கசியும், ரேடியேட்டர் அடைக்கும், ஒரு மே மாத மத்தியானம் பைபாஸில் ஊசி சிவப்புக்கு ஏறும். அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால் ஹெட்டைக் கழற்றி லேத்தில் மட்டம் அடித்து கேஸ்கெட் போட வேண்டும். சின்னக் காருக்கே பல ஆயிரம், சில சமயம் முப்பதாயிரத்தைத் தாண்டும். கூலன்டை முழுசாக மாற்ற ஆகும் செலவு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரிசர்வ் டப்பாவில் லோ, ஃபுல் கோடுகளுக்கு நடுவே அளவு இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். மேனுவலில் சொன்ன வகையையே, கலந்து தயாராக வரும் கூலன்டாக வாங்குங்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தை நம்பாதீர்கள், நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது. அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் டிஸ்டில்டு வாட்டர். அளவு தொடர்ந்து குறைந்தால் எங்கோ கசிகிறது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள்.

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார், சூடே ஆகாது" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடான பிறகே கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு, அது இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வராது. காரின் கம்ப்யூட்டர், குளிர்ந்த இன்ஜின் என்று நினைத்துக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் விழும், ஆயிலும் சீக்கிரம் கெடும். அந்தப் பாகம் விலை குறைவானது, புதிதாகவே போடச் சொல்லுங்கள்.

ஓடும்போது ஊசி ஏறினால் ஏசியை ஆஃப் பண்ணுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். வியர்த்து ஊற்றும், ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரம் கட்டி ஆஃப் பண்ணி, அரைமணி, முக்கால் மணி நேரம் காத்திருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். சுடும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது.

பிரேக் ஆயில்

இதை வருஷக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (DOT 4) என்ற வகை புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய ஆயிலுக்குத் தர விதி கேட்கும் குறைந்த அளவு 155 டிகிரி. டவுனில் இந்த வித்தியாசம் தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டியின் 36 வளைவுகளிலோ பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்போது தெரியும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் காலுக்கடியில் பஞ்சாக இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள், மலைப்பயணத்துக்கு முன்னால் பிரேக் பேட் கனத்தையும் பார்த்துவிடுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் புதுசு போடும் நேரம். இறங்கும்போது இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்க விடுங்கள்.

டயரின் வயதைப் படிப்பது

குறைவாக ஓடும் காரில் டயர் தேய்ந்து போகாது, முதுமையில் போகும். பட்டன் நிறைய இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கச் சுவரில் DOT என்ற ஆங்கில எழுத்துகளோடு ஒரு வரிசை இருக்கும். அதன் முடிவில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். ஒரு பக்கத்தில் இல்லை என்றால் உள்பக்கச் சுவரில் இருக்கும், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து வயது தாண்டினால் வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். நம்மூர் வெயிலில் நின்ற டயரை ஆறேழு வயதுக்கு மேல் நெடுஞ்சாலையில் நம்பக் கூடாது. பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் வயதைப் பார்க்கவே வேண்டாம். பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போவது சட்டப்படியும் தவறு. ஸ்டெப்னியின் தேதியையும் பாருங்கள். புது டயர் வாங்கும்போதும் கடைக்காரரிடம் தேதியைக் காட்டச் சொல்லிவிட்டு மாட்டவிடுங்கள்.

காற்றழுத்தம் டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் ஆறியிருக்கும்போது அந்த அளவு. நைட்ரஜன் வேண்டியதில்லை, பதினைந்து நாளுக்கு ஒரு முறை சாதாரணக் காற்றைச் சரிபார்ப்பதே போதும்.

பேட்டரி, எலி, ஹேண்ட் பிரேக்

நிற்கும் வண்டியின் மூன்று தொல்லைகள் இவை.

கார் ஆஃப் ஆகியிருந்தாலும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். இதற்காகத் தினமும் காலையில் ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்துவது பலர் வீட்டில் வழக்கம். அது நன்மையை விடக் கெடுதலே அதிகம் செய்கிறது. ஸ்டார்ட் பண்ண எடுத்த மின்சாரம்கூட அந்த நேரத்தில் சரியாகத் திரும்பி ஏறாது, இன்ஜினும் சூடாகாமல் ஈரம்தான் சேரும். அதற்குப் பதில் வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒரு முறை பதினைந்து, இருபது கிலோமீட்டர் நல்ல ஓட்டம் ஓட்டுங்கள். அதே ஓட்டத்தில் ஏசியையும் பத்து நிமிஷம் போடுங்கள். கம்ப்ரஸர் சீல் காயாமல் இருக்கும்.

மல்டிமீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ராத்திரி முழுக்க நின்ற பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் பேட்டரியை மாற்றிப் பிரயோஜனமில்லை, பேட்டரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவலாம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

எலி கடித்த ஒயரிங்கைச் சரிசெய்ய சில நூறிலிருந்து பல ஆயிரம்வரை ஆகும். புகையிலைப் பொட்டலம் வைப்பார்கள், வாசம் இருக்கும்வரை பலன் தரும், பிறகு எலி பழகிவிடும். வண்டியை எடுத்து ஓட்டுவதும், காருக்குள் பிஸ்கட் துகள் விடாமல் இருப்பதும், ஏசி காற்று உள்ளே போகும் வாயில் கம்பி வலை அடிப்பதும்தான் உறுதியான வழி. பல நாள் நின்ற வண்டியில் ஏறும் முன் பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கழுவிவிட்டோ மழையில் நனைந்தோ வந்த வண்டியை ஹேண்ட் பிரேக் இழுத்து வாரக்கணக்கில் விட்டால் பின் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளும். சமதளம் என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பி-யில் போட்டுக் கட்டை.

பெட்ரோலும் நின்றால் கெடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் டேங்க்கை நிரப்பி வைத்துப் போங்கள், காலியிடம் குறைந்தால் ஈரமும் குறையும். இ20-க்கென்று செய்யப்படாத, 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார் என்றால் அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்தி, வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டைமிங் பெல்ட்டா, செயினா?

இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றுக்கொன்று ஒத்து இயங்க வைப்பது இதுதான். உங்கள் இன்ஜினில் எது என்று கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளுங்கள். மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்களில் செயின். பழைய ஹூண்டாய் ஐ10-ல் 1.1 லிட்டருக்குப் பெல்ட், 1.2 கப்பாவுக்குச் செயின். பெல்ட் என்றால் மேனுவல் சொல்லும் தேதியைத் தாண்டவே கூடாது. ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி, பழைய காரின் மதிப்புக்கு நெருக்கமாகவே பில் வந்துவிடும்.

விளக்கும் சத்தமும்

சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அடுத்த பங்க்வரைகூட ஓட்டாதீர்கள், உடனே ஆஃப். மஞ்சள் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டலாம். அதுவே விட்டுவிட்டு மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையும் எரித்துவிடும், அந்தப் பாகம் விலை மிக அதிகம்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சின்ன ஸ்கேனர் ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. போனில் கோளாறுக்கான குறியீட்டு எண் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. குறியீடு என்பது அறிகுறி, எந்தப் பாகம் என்ற தீர்ப்பு இல்லை. பி0171 வந்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் உண்டு. கிழிந்த வேக்குவம் குழாய்கூட அதே குறியீட்டைத்தான் தரும்.

வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது கடகட சத்தமென்றால் லிங்க் ராட், புஷ் பக்கம் பாருங்கள். முழுசாகத் திருப்பும்போது டக்டக் என்றால் ஆக்சில் ஜாயின்ட். வேகத்துக்கு ஏற்ப ஊளையிட்டால் வீல் பேரிங். சத்தத்தைப் போனில் ரெக்கார்ட் செய்து கொண்டுபோங்கள், மெக்கானிக்கிடம் போனதும் வண்டி அமைதியாகிவிடுவது வழக்கம்.

ஒர்க்‌ஷாப்பில் பேசும் முறை

வாரன்டி முடிந்தபின் நல்ல லோக்கல் மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அதைவிட வேறு பாக்கியமில்லை. எங்கே கொடுத்தாலும் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். "போன் பண்ணிக் கேட்காமல் எந்தக் கூடுதல் வேலையும் வேண்டாம்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். இன்ஜின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், டெஃப்லான் கோட்டிங், ஏசி கிருமிநீக்கம் என்று பட்டியல் நீண்டால் மேனுவலில் அது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

"ஏசி கேஸ் குறைஞ்சிருக்கு, அடிச்சிடலாமா?" என்பார்கள். ஏசி கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, பெட்ரோல் மாதிரித் தீர்ந்து போகாது. குறைந்திருந்தால் கசிவு இருக்கிறது. முதலில் லீக் டெஸ்ட், அப்புறம் கேஸ்.

ஸ்பேர் விஷயத்தில் நமக்கொரு வசதி உண்டு. சென்னை பாடியில் இயங்கும் பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ் போன்றவை கார் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவை. சில பாகங்களை அந்தத் தயாரிப்பாளரின் பெயரிலேயே வெளிக்கடையில் குறைந்த விலைக்கு வாங்கலாம். சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, பம்பர், சீட் பழசாக எடுப்பதில் தப்பில்லை. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும் பழசாக வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸும் வெள்ளமும்

2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருப்பிப் பார்த்ததில்தான் பல இன்ஜின்கள் உடைந்தன. சிலிண்டருக்குள் நுழைந்த தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட்தான் வளையும். மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சாவியை ஆன்கூட செய்யாமல், பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றி, தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லி, டோ வண்டியில் ஏற்றுங்கள். ஸ்டார்ட் பண்ணியதால் இன்ஜின் உடைந்தது என்று தெரிந்தால் சாதாரண பாலிசியில் பணம் வராமல் போக வாய்ப்பு அதிகம். தாழ்வான பகுதி என்றால் இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பையும் சேர்த்து எடுங்கள். பழைய வண்டிக்குச் சில கம்பெனிகள் தருவதில்லை, விசாரித்து எடுக்க வேண்டும்.

நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) முதல் வருஷம் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாவது வருஷம் 50 ஆகும். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடும்முன் எவ்வளவு போனஸ் போகும் என்று கணக்குப் போடுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் மொத்த போனஸும் போய்விடும். குறைவாக ஓட்டுபவர்கள் அடிக்கடி தேதியை மறந்துவிடுவது இங்கேதான். சாதாரண பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள் என்பதும் நினைவிருக்கட்டும். இன்றைய பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக்.

வருஷச் செலவுக் கணக்கு

தோராயமாக ஒரு கணக்கு. 5,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 15, பெட்ரோல் 100 ரூபாய் என்றால் 33,000. இன்சூரன்ஸ் 10,000, வருஷ சர்வீஸ் 7,000, டயருக்கும் பேட்டரிக்கும் வருஷா வருஷம் எடுத்து வைப்பது 4,500, எதிர்பாராத ரிப்பேருக்கு 8,000, வண்டி மதிப்புக் குறைவது 30,000. மொத்தம் 92,500, கிலோமீட்டருக்கு 18.50 ரூபாய். இதே கார் 12,000 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோல் 80,000 ஆகும், மற்றவை ஏறக்குறைய அப்படியே. கிலோமீட்டருக்கு 12 ரூபாய்க்குள் வந்துவிடும். உங்கள் நோட்டில் இருக்கும் உண்மைத் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். ஊருக்கு வாடகைக் கார் பிடிப்பதே மலிவு என்று கணக்கு சொன்னாலும், நடுராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வாசலில் வண்டி நிற்பதற்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. அதை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது. வயதான பெற்றோர் இருக்கும் வீட்டில் கார் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

பதினைந்து வயது, அல்லது விற்பனை

பதினைந்து வருஷம் முடிந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. அதோடு பசுமை வரி, எஃப்சிக்கு முன் செய்யும் டிங்கரிங், பெயின்ட், டயர் செலவு. இந்தச் செலவு முழுவதையும் சேர்த்து, புதுப்பித்தபின் வண்டி என்ன விலைக்குப் போகும் என்று பார்த்து முடிவெடுங்கள். அடிப்பலகை துருவேறிப்போன வண்டிக்குச் செலவு செய்யாதீர்கள். இன்ஜினை மாற்றலாம், துருவை மாற்ற முடியாது.

விற்பதென்றால் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, வாங்குபவரின் அடையாள நகல், தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி ரசீது கட்டாயம். பெயர் மாறும்வரை ஆர்டிஓ பதிவில் இருப்பவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதனால் பணம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல், அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். மாறும்வரை அந்த வண்டியின் இன்சூரன்ஸை ரத்து செய்ய வேண்டாம்.